வெட்டவிருந்த பதினான்கு அங்குலம்

அந்தக் கொப்பி இப்போதும் என்னிடம் இருக்கிறது. நூற்றிருபது பக்கம், கோடு போடாத தாள், கறுப்பு மட்டை. முதற்பக்கத்தில் ஒரேயொரு விதியைச் சிவப்பு மையில் எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்திருக்கிறேன்: “எதை மாற்றினாலும் இரண்டு இலக்கங்களை மாற்றக்கூடாது.”

ஒன்று இயந்திரத்தின் இலக்கம். மற்றது செசியின் இலக்கம். காரின் உடம்பைத் தாங்குகிற இரும்பு அடிச்சட்டத்தைத்தான் செசி என்போம். இரண்டு இலக்கமும் காரின் பதிவுப் புத்தகத்தில் இருக்கும். வேறு காலத்தில், வேறு ஊரில் இது ஒரு காரியாலய விஷயம். யுத்த காலத்துக் கொழும்பில், வெள்ளவத்தையில் வாடகைக்கு இருந்த எனக்கு அப்படியல்ல. அலுவலக நண்பர் ஒருவருடைய காரில் கொள்ளுப்பிட்டிப் பக்கம் போனபோது சோதனைச் சாவடியில் மறித்தார்கள். முன்மூடியான பொனற்றைத் திறக்கச் சொல்லி, புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டார்கள். எண்ணெய் படிந்திருந்ததால் ஒரு எட்டு, மூன்று போலத் தெரிந்தது. அந்த எட்டுக்காக நாங்கள் வீதியோரத்தில் இரண்டு மணித்தியாலம் நின்றோம். அதுவும் எவரும் கை வைக்காத கார். கையால் வெட்டி ஒட்டிய காரில் இலக்கம் பிசகினால் என்ன நடக்கும் என்று எவரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஏனெனில் நான் செய்யப்போனது அதுதான். பழைய ஆங்கிலேயக் கார் ஒன்றை வாங்கி, உடம்பைக் கழற்றி எறிந்துவிட்டு, செசியைக் குறுக்கி, அதன்மேல் இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய, கூரையில்லாத ஒரு சின்னக் காரை வீட்டுக் கராஜிலேயே கட்டுவது. பள்ளிக்கூடக் கொப்பிகளின் கடைசிப் பக்கங்களில் நான் கீறிக்கொண்டிருந்த கார் அது. நாற்பத்தாறு வயதில் அதை முதற்பக்கத்துக்குக் கொண்டுவந்திருந்தேன்.

அப்போது எங்கள் வட்டாரத்தில் எல்லா வீட்டிலும் ஏதோவொரு திட்டம் நடந்துகொண்டிருந்தது. எல்லாம் போவதற்கான திட்டம். எங்கள் வீட்டிலேயே என் மனைவியின் தம்பி ஒரு வருஷமாக விசாவுக்குக் காத்துக்கொண்டு முன்னறையில் இருந்தார். முப்பது வயது, ஊரில் வங்கி உத்தியோகத்தை விட்டுவிட்டு வந்தவர், வாய் சும்மா இராது. நான் மேசையில் அடிமட்டமும் கவராயமும் வைத்துக்கொண்டு குனிந்திருந்தால் தோளுக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்.

“சனம் கனடாவுக்குப் போற வழி பாக்குது. எங்கட அத்தான் கொழும்புக் காலிவீதியில ஓடுறதுக்குக் கார் கட்டுறார்.”

“நீர் கனடாவில வாங்கப்போற காரை ஆரோ கட்டியிருப்பான். இதை நான் கட்டுவன்” என்றேன்.

“கட்டுங்கோ, கட்டுங்கோ. எனக்கு விசா முதல் வருதோ, உங்கட கார் முதல் வருதோ எண்டு பாப்பம்.”

கார் கொட்டாஞ்சேனையில் கிடைத்தது. டிங்கர் வேலை செய்கிற பாஸ் ஒருவருடைய பட்டறைக்குப் பின்னால், கொய்யா மரத்தின் கீழ், நான்கு சில்லும் மண்ணில் இறங்கிய நிலையில் நின்றது. கைவேலைக்காரரைக் கொழும்பில் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். இவர் மலைநாட்டுத் தோட்டத்தில் பிறந்து, பத்து வயதில் கொழும்புக்கு வந்து, தகரத்தைத் தட்டியே ஐம்பதைக் கடந்தவர். எழுதுவதில்லை. அளவு நாடாவும் இல்லை. ஒரு மூங்கில் தடியில் வெட்டுப் போட்டு வைத்துக்கொண்டு அதால் அளப்பார். அந்தத் தடியும் என் கொப்பியும் ஒரு கால் அங்குலத்துக்கு மேல் ஒருநாளும் முரண்பட்டதில்லை.

படத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கையை இரண்டு தரம் துடைத்துவிட்டுத்தான் கொப்பியைத் தொட்டார்.

“நாப்பது வருஷமா அடுத்தவன் இடிச்சத நிமித்திக்கிட்டே இருக்கேங்க ஐயா. புதுசா ஒண்ணு செய்யச் சொல்லி இன்னிக்குத்தான் ஒருத்தர் வந்திருக்கீங்க.”

அந்தக் காரில் உடம்பும் செசியும் தனித்தனி. ஆணிகளைக் கழற்றினால் உடம்பை அப்படியே தூக்கிவிடலாம். வாங்குவதற்கு முன் விதியின்படி நடந்துகொண்டேன். இயந்திரத்தில் இலக்கத்தைத் துடைத்து வாசித்தேன், புத்தகத்தோடு சரி. செசியின் இலக்கம், இயந்திரத்துக்குப் பின்னாலிருந்த தகரத் தடுப்பில், ஆணியடித்த ஒரு சின்னத் தகட்டில் இருந்தது. அதுவும் சரி. கொப்பியில் இரண்டுக்கும் சரி அடையாளம் போட்டேன். அந்த இரண்டாவது அடையாளத்தைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தத் தகட்டைக் கழற்றி எடுத்துவைத்துக்கொண்டு, செசியையும் இயந்திரத்தையும் லொறியில் ஏற்றி வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்து கராஜில் நான்கு மரக்கட்டைகளின் மேல் வைத்தோம். அதற்கு முந்திய இரண்டு வாரமும் கராஜ் நிலம் என் வரைதாளாக இருந்தது. சீமெந்தில் வெண்கட்டியால் காரை முழு அளவில் கீறியிருந்தேன். முன் சில்லு, பின் சில்லு, ஸ்ரியரிங், இரண்டு ஆசனம், எல்லாம் உரிய இடத்தில். இரவல் வாங்கிய இரண்டு பலகைக் கட்டைகளை ஆசனமாகப் போட்டு மனைவியைக் கூப்பிட்டேன்.

“இஞ்சேரும், ஒருக்கா வந்து இதில இரும். அகலம் காணுமோ பாக்கவேணும்.”

“நிலத்திலயோ?”

“நிலமில்லை, கார்.”

சேலையை ஒதுக்கிக்கொண்டு வெண்கட்டிக் கோட்டை மிதிக்காமல் காலைத் தூக்கி வைத்து உள்ளே வந்தார். கதவிருக்கும் பக்கத்தால்தான் வந்தார். அதைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். முழங்கை இடிக்கவில்லை. மைத்துனர் கராஜ் வாசலில் நின்றார்.

“அத்தான், சந்தியில பஸ் வருது, பிறேக் பிடியுங்கோ!”

மனைவி சிரித்து முடித்துவிட்டு மேலே பார்த்தார். “சரி, மழை வந்தால்?”

“குடை பிடிக்கலாம்.”

“ஓடுற காரிலயோ? விசரே உங்களுக்கு?”

கூரைக்கு இடமில்லை என்பது உண்மை. நான் கீறிய கார் அவ்வளவு குட்டை. மடித்து வைக்கிற கன்வஸ் கூரை போடுவதானால் ஆசனத்துக்குப் பின்னால் நான்கைந்து அங்குலமாவது வேண்டும். அந்த நான்கைந்து அங்குலத்தைக் கூட்டினால் பின்பக்கத்தின் வளைவு கெட்டுவிடும். ஆறு தாள் கீறிப் பார்த்தேன், கெட்டது. ஆகவே கணக்கு இப்படி முடிந்தது: செசியின் நடுவில் சரியாகப் பதினான்கு அங்குலத்தை வெட்டியெடுத்து, இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒட்டுவது. கொப்பியில் பதினோராம் பக்கம்.

மனைவி மழையை விட்டுவிட்டு ஒரேயொரு நிபந்தனை வைத்தார். முதல் வெட்டு நல்ல நேரத்தில்தான் விழ வேண்டும். கோயிலில் கேட்டுக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து இருபதிலிருந்து பதினொன்று முப்பது வரை. கொப்பியில் எழுதிக்கொண்டேன். எழுபது நிமிஷம், வெட்டு ஒன்று தொடங்குவதற்குத் தாராளம்.

அந்த வாரம் செசியைச் சுத்தம் செய்தோம். மண்ணெண்ணெய், கம்பித் தூரிகை, பழைய துணி. முன்பக்கத்தை நான், பின்பக்கத்தை பாஸ். நடுவில் வெண்கட்டியால் இரண்டு கோடு போட்டு, அவற்றுக்கிடையில் தூரிகையை வைக்க வேண்டாம் என்று பாஸிடம் சொன்னேன். தூக்கி எறியப்போகிற பதினான்கு அங்குலத்தை மினுக்குவது நேர விரயம். இதையும் கொப்பியில் எழுதினேன்: “வெட்டுப்படும் பகுதி சுத்தம் செய்யத் தேவையில்லை.” எழுதும்போது என் ஒழுங்கைப் பற்றி எனக்கு நல்ல திருப்தி இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சனிக்கிழமை கொட்டாஞ்சேனையிலிருந்து இரும்பை ஒட்டுகிற வெல்டிங் இயந்திரத்தை முச்சக்கரவண்டியில் ஏற்றி வந்தோம். வயர் சுற்றிய கனத்த இரும்புப் பெட்டியோடு இரண்டு தமிழர் நகரத்தைக் கடப்பது எப்படியிருக்கும் என்று தெரிந்துதான், அது என்ன, எங்கிருந்து எங்கே போகிறது, எதற்கு என்று மும்மொழியிலும் தட்டச்சுச் செய்த கடிதமும் கொப்பியும் கொண்டுபோயிருந்தேன். சாவடியில் ஒரு இளம் சிப்பாய் கடிதத்தை விட்டுவிட்டுக் கொப்பியை எடுத்தான். பக்கங்களைப் புரட்டினான். காரின் பக்கத்தோற்றம் வந்ததும் நின்றான். கொப்பியைத் திருப்பிப் பார்த்தான், நிமிர்த்திப் பார்த்தான்.

கூரை எங்கே என்று சிங்களத்தில் கேட்டான். கூரை இல்லை என்றார் பாஸ்.

“வெஸ்ஸொத்?” என்றான் சிப்பாய். மழை வந்தால்?

பாஸ் என்னைப் பார்த்தார். நான் முச்சக்கரவண்டியின் கூரையைப் பார்த்தேன். அதற்குள் சார்ஜன்ட் ஒருவர் வந்து கொப்பியை வாங்கினார். அவர் சிரிக்கவில்லை. எதை வேண்டுமானாலும் கட்டுங்கள், ஆனால் புத்தகத்திலிருக்கிற இலக்கமும் இரும்பிலிருக்கிற இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கார் ஒரு சாவடியும் தாண்டாது, நீங்களும் தாண்டமாட்டீர்கள் என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். நான் முதற்பக்கத்தைத் திறந்து சிவப்பு விதியைக் காட்டி, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன். தலையசைத்துவிட்டு அனுப்பினார். வண்டி ஓடத்தொடங்கிய பிறகு பாஸ் சொன்னார்:

“ஐயா கொப்பியில எழுதாத சங்கதியே கெடையாது போல.”

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கே எல்லோரும் கராஜில் நின்றோம். இடுப்பில் துவைத்த சாரமும் கையில் புதுப் பேனையுமாக நான். பாஸ் குளித்து விபூதி பூசி, இரும்பறுக்கும் வாளில் புது அலகு மாட்டியிருந்தார். நல்ல நேரத்தில் மின்சாரம் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று முதல் வெட்டுக்குக் கைவாளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தோம். விசாக்காரர் கூட விடிய எழும்பி வந்திருந்தார். “சும்மா பாக்கத்தான்” என்றார்.

பத்து இருபதுக்கு மனைவி கற்பூரத் தட்டோடு வந்தார். புது வாகனத்துக்குச் சில்லின் கீழ் தேசிக்காய் வைத்து ஏற்றுவது வழக்கம். எங்களிடம் சில்லே இல்லை.

“சில்லு இல்லாட்டி என்ன? கட்டை இருக்குத்தானே” என்று நான்கு மரக்கட்டைகளுக்கு அருகிலும் ஒவ்வொரு தேசிக்காயை வெட்டி வைத்தார். பிறகு சந்தனக் கிண்ணத்தை எடுத்தார். நான் முன்பக்கத்தைக் காட்டினேன், அது பளிச்சென்று இருந்தது.

“அங்கை இல்லை. வெட்டப்போற துண்டுக்குத்தான் முதல் பொட்டு. இவ்வளவு காலம் சுமந்ததை ஒரு வார்த்தை கேளாமல் வெட்டுறதோ?” செசியின் வலது சட்டத்துக்கருகே, நான் சாரதியாக இருக்கப்போகிற பக்கத்தில் குந்தினார். காய்ந்த சேறும் இரும்புக் கறளும். சந்தனம் பிடிக்கவில்லை. “இதென்ன இந்த ஊத்தை! பொம்பிளை பாக்க வந்த மாதிரி முன்னையும் பின்னையும் மினுக்கி வச்சிருக்கிறியள், நடுவை விட்டிட்டியள்.”

“அது எறியப்போறது.”

“எறியப்போறதெண்டால் ஊத்தையா இருக்கவேணுமோ?”

உள்ளே போய், வெள்ளிக்கிழமைகளில் குத்துவிளக்கு மினுக்குகிற சாம்பலைக் கொண்டுவந்தார். தேசிக்காய்ப் பாதியைச் சாம்பலில் தொட்டு, விளக்கைத் தேய்க்கிற அதே வட்டத்தில் தேய்க்கத் தொடங்கினார். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். பத்து முப்பத்தொன்று.

“போதும்” என்றேன்.

அவர் நிறுத்தினார். ஆனால் நான் சொன்னதற்காக அல்ல. துணியால் துடைத்துவிட்டு முகத்தைக் கிட்டக் கொண்டுபோனார்.

“இஞ்சேருங்கோ. இதில ஏதோ வெட்டிக் கிடக்கு.”

முதலில் ஒரு நான்கு தெரிந்தது. பிறகு அதன் பக்கத்தில் இன்னொன்று. நான் சாரத்தை மடித்துக்கொண்டு சீமெந்தில் முழங்காலில் விழுந்தேன். தேசிக்காயை அவர் கையிலிருந்து வாங்கி நானே தேய்த்தேன். இரும்பில் ஆழமாக அடித்த ஆறு இலக்கங்கள், ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்தன. மைத்துனரைப் பதிவுப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னேன். அவர் வாசித்தார், நான் விரலை வைத்து வைத்துச் சரிபார்த்தேன். ஆறும் ஒன்றே. இரண்டு வெண்கட்டிக் கோட்டுக்கும் நடுவில், எறியப்போகிற பதினான்கு அங்குலத்துக்குள், செசியின் உண்மையான இலக்கம்.

பாஸ்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“ஐயா, அப்ப நீங்க கொப்பியில சரி போட்டது?”

“தகட்டைப் பாத்து.”

“தகடா? தகட்ட யாரும் அடிச்சு ஆணி வைக்கலாங்களே. இரும்புல வெட்டினதத்தானே பாப்பாங்க.”

“தெரிஞ்சால் ஏன் சொல்லேல்லை, பாஸ்?”

“நீங்க பாத்திருப்பீங்கன்னு நெனச்சேன். ஐயா கொப்பியில சரி போட்டா, அது சரிதானேன்னு விட்டுட்டேன்.”

இருபத்திரண்டு வருஷம் அலுவலகத்தில் பத்திரங்களைப் பத்திரங்களோடு ஒப்பிட்டு வாழ்ந்தவன் நான். புத்தகத்தைத் தகட்டோடு ஒப்பிட்டேன். இரண்டும் ஒன்றாயிருந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன். இரும்பைப் பார்க்கவில்லை. பார்க்காதது மட்டுமல்ல, பார்க்க விடாமல் அந்த இடத்துக்கு மட்டும் தூரிகையைத் தடைசெய்தும் இருந்தேன்.

மைத்துனர் வழக்கம்போல ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் பேனையை எடுத்து என்னிடம் நீட்டினார். “அத்தான், பதினொண்டு முப்பது வரைக்கும் நேரமிருக்கு. கணக்கை மாத்தலாமோ?”

அந்த ஐம்பது நிமிஷத்தைப் போல என் வாழ்க்கையில் வேறு ஐம்பது நிமிஷம் கிடையாது. கராஜ் நிலத்திலேயே கொப்பியை விரித்தேன். பயமாக இருந்திருக்க வேண்டும். இல்லை, கை பரபரத்தது. வெட்டை முன்னால் தள்ள முடியாது, அங்கே கியர்பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டம். பின்னால் தள்ளலாம். இலக்கம் முடிகிற இடத்திலிருந்து ஒன்றரை அங்குலம் விட்டுத் தொடங்கினால், சட்டம் பின் அச்சுக்கு மேலாக வளையத் தொடங்கும் இடம்வரை எவ்வளவு நேராக இருக்கிறது? நான் நாடாவைப் பிடித்தேன், பாஸ் தடியைப் பிடித்தார்.

“ஒன்பது” என்றேன்.

“ஒம்பது” என்றார் அவரும், தன் தடியின் வெட்டில் நகத்தை வைத்துக்கொண்டு.

பதினான்கு வேண்டிய இடத்தில் ஒன்பதுதான் வெட்டலாம். கார் ஐந்து அங்குலம் நீளும். நான் இரண்டு மாதமாகப் பாதுகாத்த அந்தப் பின்வளைவு போய்விடும். பக்கத்தோற்றத்தை விரித்து வைத்துக்கொண்டு பென்சிலோடு உட்கார்ந்திருந்தேன். கெட்டுத்தான் போகும். ஏற்கெனவே ஆறு தாளில் பார்த்தவன்.

“வளைவ வுட்டுடுங்க ஐயா,” என்றார் பாஸ். “பின்னால நேரா ஒரு வெட்டா இறக்குவோம். பெட்டி மாதிரி. தகரத்துல அது இன்னும் சுளுவு. பாருங்க.” என் வெண்கட்டியை எடுத்து நிலத்திலிருந்த காரின் பின்பக்கத்தைக் காலால் அழித்துவிட்டு, ஒரே இழுப்பில் கீறினார். என் கோடு போல நேர்த்தியில்லை. ஆனால் நின்றுபார்த்தபோது அந்தக் கார் திடீரென்று எங்கேயோ போகத் தயாரானதுபோல இருந்தது. ஏன் இது எனக்குத் தோன்றவில்லை என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

“ஆனா, சீட்டுக்குப் பின்னால அஞ்சு இஞ்சி சும்மா கெடக்குமே. அத என்ன பண்ணுறது?” என்றார்.

“நான் இருக்கட்டோ?” என்றார் மைத்துனர்.

மனைவி கற்பூரத் தட்டோடு இன்னும் அங்கேயே நின்றார். “மழை வந்தால் பிடிக்கிறதை அதுக்குள்ள வைக்கேலாதோ?” என்றார், பெரிதாக யோசியாமல்.

நானும் பாஸும் ஒருவரையொருவர் பார்த்தோம். கன்வஸ் கூரைக்கு நான்கைந்து அங்குலம். அது எட்டாம் பக்கத்தில் என் கையெழுத்தில் இருந்தது, மேலே ‘இடமில்லை’ என்று குறுக்காக எழுதியபடி. அந்த ‘இடமில்லை’யை வெட்டினேன். நான் அந்தக் கொப்பியில் அடிமட்டமில்லாமல் போட்ட முதல் கோடு அது.

பதினொன்று இருபத்திரண்டுக்குப் புதுக் கோடுகள் போட்டு முடிந்தன. கோடுகளுக்கு இடையே இந்தமுறை நானே தூரிகையால் தேய்த்து, இரண்டு சட்டத்தையும் நான்கு பக்கமும் பார்த்தேன். கீழ்ப்பக்கத்தைக் கண்ணாடி பிடித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை, வெறும் இரும்பு. மனைவி சந்தனத்தைத் தொட்டு ஆறு இலக்கங்களுக்கு மேல் பொட்டு வைத்தார். போகப்போகிற துண்டுக்கென்று கொண்டுவந்த பொட்டு, இருக்கப்போகிற துண்டில் இருந்தது. வெட்டுப்படுகிற ஒன்பது அங்குலத்துக்கும் மறக்காமல் ஒன்று வைத்தார்.

பாஸ் வாளை என்னிடம் நீட்டினார். “மொத இழுப்பு ஐயாதான்.”

வாளைக் கோட்டில் வைத்தேன். அலகு ஒருதரம் வழுக்கியது, பாஸின் கட்டைவிரல் வந்து அதைப் பிடித்தது. இழுத்தேன். கறுத்த இரும்புக்குள்ளிருந்து மயிரளவில் ஒரு வெள்ளைக் கோடு பிறந்தது. இன்னொரு இழுப்பு. இரும்புத்தூள் கீழே விரித்திருந்த சாக்கில் விழுந்தது. மைத்துனர் மணிக்கூட்டைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: “பதினொண்டு இருபத்தைஞ்சு. எழுதட்டோ அத்தான்?”

“எழுதும்.”

அந்தப் பக்கத்தில் மட்டும் கையெழுத்து என்னுடையதல்ல. நேரத்துக்குக் கீழே, நான் கேளாமலே, பதிவுப் புத்தகத்தைப் பார்க்காமல் இரும்பைப் பார்த்து ஆறு இலக்கங்களையும் எழுதியிருக்கிறார். பிறகு பேனையை வைத்துவிட்டு, சட்டையின் கையை மடித்துக்கொண்டு வந்து, “தள்ளுங்கோ, நானும் ஒருக்கா இழுக்கிறன்” என்றார்.